மின்பெட்டியைச் சுற்றி ஓடும் ஆறு: அடிலெய்டு மின்கம்பங்களிலும் மின்பெட்டிகளிலும் பூர்வகுடிக் கலை

எங்கள் தெருமுனையில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி நிற்கிறது. 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு உதவும் 230 வோல்ட்டாக இறக்கித் தருவது அதன் வேலை. பல ஆண்டுகளாக அது வெளுத்த பச்சை வண்ணத்தில், யாரோ பீய்ச்சிவிட்டுப் போன கறுப்புக் கிறுக்கல்களோடு, எவரும் திரும்பிப் பாராத பொருளாக இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் வேலைக்குப் புறப்பட்டபோது பார்த்தால், அந்தப் பெட்டியின் நான்கு பக்கங்களையும் சுற்றி ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. செங்காவித் தரையில் வெள்ளையும் கரும்பழுப்புமாக நெளிகோடுகள். கரை நெடுக, பட்டை உரிந்து நிற்கும் யூகலிப்டஸ் மரங்கள். அடிலெய்டு நகரின் நடுவே ஓடும் டாரன்ஸ் ஆற்றுக்கு இந்த மண்ணின் மக்களாகிய கௌர்ணாக்கள் வழங்கும் பெயர் கரவிரா பரி. ஆற்றங்கரை யூகலிப்டஸ் காட்டினூடே செல்லும் ஆறு என்பது அதன் பொருள். அந்த ஆறுதான் பெட்டியின் மீது வந்திருந்தது.

விலை கொடுத்து வாங்கும் பொருளைப் பற்றி நல்லது கெட்டது எழுதுகிறோம். நம் வரிப்பணத்தில் தெருவுக்கு வந்து நிற்கும் பொருளைப் பற்றியும் அப்படி எழுத வேண்டும் என்பது என் எண்ணம். இதை அப்போதே எழுதாமல் மூன்று கோடைகள் கழியும் வரை காத்திருந்தேன். ஒட்டிய அன்று எந்தப் பெட்டியும் அழகாகத்தான் இருக்கும். நாற்பது டிகிரியைத் தாண்டும் தெற்கு ஆஸ்திரேலிய வெயிலும், தண்ணீர்ப் பீச்சானும், கிறுக்குபவர்களும், நாய்களும் வந்துபோன பிறகு அது எப்படி நிற்கிறது என்பதுதான் கேள்வி. இடைப்பட்ட காலத்தில் நகரின் பல புறநகர்களில் பூர்வகுடிக் கலைஞர்கள் தீட்டிய மின்கம்பங்களையும் நடந்து பார்த்தேன். வடக்கே ஹார்ன்ஸ்டேல் காற்றாலைப் பண்ணை வரை ஒருமுறை போய்வந்தேன். இவற்றையெல்லாம் சேர்த்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

முதலில் பெட்டி. கலைஞர் துணியில் தீட்டிய ஓவியத்தைப் படம் எடுத்து, பெரிதாக்கி, வினைல் தாளில் அச்சிட்டு, வெயில் தாங்கும் மேற்படலம் ஒன்றையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். பெட்டியின் தென்கிழக்கு மூலையில் நின்று பார்ப்பதே இதன் சிறந்த இடம். அங்கே ஆற்றின் ஐந்து கோடுகள் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு ஒரு நூல்கூடப் பிசகாமல் திரும்புகின்றன. மூலையின் கூர்மை மறைந்து, உலோகம் வளைந்தது போலவே கண்ணுக்குத் தெரிகிறது. பெட்டி என்னும் வடிவத்தை மனத்தில் வைத்தே கலைஞர் இதை வரைந்திருக்க வேண்டும். வேறெங்கோ சுவரில் தொங்கியதைக் கொண்டுவந்து சுற்றினால் இந்தப் பொருத்தம் கிடைக்காது. மாலையில் சாய்வெயில் விழும்போது காவி நிறம் உண்மையான செம்மண் போலக் கனிந்து தெரியும். அந்த நேரத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் செல்பேசியை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கதவுப் பக்கத்தில் இந்தக் கவனம் இல்லை. பெட்டியைத் திறந்து பராமரிக்கும் பணியாளருக்குக் கதவின் விளிம்பு, பூட்டு, காற்றுத் துளைகள், மஞ்சள் நிற அபாய அறிவிப்பு, பெட்டியின் எண் ஆகிய அனைத்தும் மறைக்கப்படாமல் இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் தன் வேலையால் சூடாகும் பொருள். காற்றுத் துளைகளை அடைத்துவிட்டால் அந்தச் சூடு வெளியேற வழியிருக்காது. ஆகவே ஓவியம் அந்த இடங்களில் வெட்டுப்பட்டே தீர வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கே வெட்டுவது என்பதைக் கலைஞரிடம் முன்கூட்டியே சொல்லி, அவரை அதற்கேற்ப வரையச் சொல்லியிருக்கலாம். ஒட்ட வந்தவர்கள் தம் போக்கில் கத்தியை ஓட்டியதால், வலது கதவின் ஆறு இடது கதவின் ஆற்றைவிட இரண்டு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. ஒரு மரத்தின் அடிப்பகுதியை அபாய அறிவிப்பு விழுங்கிவிட்டது. பெட்டியின் அளவுப்படத்தைக் கதவு விளிம்பும் துளைகளும் குறித்துக் கலைஞர் கையில் கொடுப்பதற்கு ஒரு தாள்தான் செலவாகும்.

மேற்குப் பக்கம் முதல் கோடையைத் தாங்கியது. இரண்டாம் கோடையில் மேல் விளிம்பில் தாள் சுருண்டு எழத் தொடங்கியது. மூன்றாம் கோடையின் முடிவில் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து தொங்கி, கீழே பழைய பச்சை தெரிந்தது. மற்ற மூன்று பக்கங்களும் இன்றுவரை உறுதியாகவே இருக்கின்றன. நிறமும் பெரிதாக வெளுக்கவில்லை. கிறுக்கல் இந்த மூன்று ஆண்டுகளில் இரண்டே முறைதான் விழுந்தது. முன்பு மாதம் ஒன்று தவறாமல் விழுந்த இடம் இது. அந்த இரண்டையும் மேற்படலத்தின் மீதிருந்து துடைத்தே எடுத்துவிட்டார்கள். பாதுகாப்பு என்ற கணக்கில் பார்த்தால், பெட்டிக்குச் செலவிட்ட பணம் வீண் போகவில்லை.

என் மனக்குறை வேறு. பெட்டியின் மீது கலைஞரின் பெயர் இல்லை. எவருடைய நிலம், எந்த ஆறு, யார் சொன்ன கதை என்று ஒரு வரியும் இல்லை. உள்ளாட்சி மன்றத்தின் சின்னம் மட்டும் ஓர் உள்ளங்கை அளவுக்கு, மிகத் தெளிவாக, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்த பக்கத்தில் இருந்தது. ஒரு நாள் குனிந்து தேடியபோது, பெட்டியின் அடியில் புல் மறைத்த இடத்தில் அச்சகத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் சிறிய எழுத்தில் இருப்பதைக் கண்டேன். அச்சிட்டவருக்குப் பெயர் உண்டு, பணம் கொடுத்தவருக்குப் பெயர் உண்டு, வரைந்தவருக்கு இல்லை. மன்றத்துக்கு எழுதினேன். முதல் கடிதத்துக்கு நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. இரண்டாவதற்குப் பதிலே இல்லை. மூன்றாவது கடிதத்தில் 2000-ஆம் ஆண்டின் சட்டத்தைச் சுட்டிக்காட்டினேன். படைப்பாளி தன் படைப்பின் மீது தன் பெயர் இடம்பெறக் கேட்கும் உரிமையை ஆஸ்திரேலியப் பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டிலிருந்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன்பின் ஐந்து வாரங்களில் ஓர் உலோகத் தகடு வந்தது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பொதுப் பொருளின் மீது பூர்வகுடி ஓவியம் ஏறிய வரலாறு இந்த நாட்டில் பெயர் மறைப்பில்தான் தொடங்கியது. 1966-இல் ஆஸ்திரேலியா தசம நாணயத்துக்கு மாறியபோது, புதிய ஒரு டாலர் தாளின் பின்புறத்தில் வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் நிலத்து ஓவியர் டேவிட் மலாங்கி மரப்பட்டையில் தீட்டிய ஓவியத்தைத் தழுவிய வடிவம் அச்சானது. அவரிடம் எவரும் கேட்கவில்லை. வரைந்தவர் உயிரோடு இருக்கிறார், அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே பின்னர்தான் அதிகாரிகளுக்கு உறைத்தது. ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த கூம்ஸ் பிறகு அவரைச் சந்தித்து, ஆயிரம் டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் கொடுத்தார். நாடு முழுவதும் கைமாறிய ஒரு தாளின் மீது இருந்தது அந்த மனிதரின் குலத்து முன்னோரான வேட்டைக்காரருக்குச் செய்யப்பட்ட ஈமச்சடங்கைக் காட்டும் ஓவியம். அதை யாரோ பெயரற்ற பழங்காலத்தவர் வரைந்ததாக எண்ணிக்கொள்ள முடிந்தது என்பதே எனக்குப் பெரும் துயரமாகப் படுகிறது. அறுபது ஆண்டு கழித்து என் தெருமுனையில் அதே பழக்கம் சிறிய அளவில் திரும்ப நடக்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை.

பெயரோடு முடிவதும் இல்லை. எந்த ஓவியத்தை எங்கே வைக்கலாம் என்பதும் கேட்டுத் தெளிய வேண்டிய விஷயம். 1994-இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் தரைவிரிப்பு வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. ஜார்ஜ் மில்புருரு, பண்டுக் மரிக்கா முதலிய பூர்வகுடிக் கலைஞர்களின் ஓவியங்களை அனுமதியின்றிக் கம்பளங்களில் நெய்வித்து வியட்நாமிலிருந்து இறக்குமதி செய்து விற்றிருந்தார்கள். புனிதமான கதையைத் தாங்கிய வடிவம் காலடியில் மிதிபடுவது எத்தகைய அவமதிப்பு என்பதையும், அந்த வடிவத்தைக் காக்கும் பொறுப்புடையவர் என்ற முறையில் தம் மக்களிடம் கலைஞருக்கு ஏற்படும் தலைகுனிவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்து இழப்பீடு விதித்தது. கோலத்தை மிதிப்பதில் குற்றம் காணாத நமக்கும், கடவுள் படம் போட்ட காலண்டர் தாள் குப்பையில் கிடந்தால் எடுத்து ஒதுக்கி வைக்கும் கை இருக்கிறது. ஆகவே இதைப் புரிந்துகொள்வது நமக்குக் கடினமன்று. தெருவோரப் பெட்டி நாய் கால் தூக்கும் இடம், குடித்த கோப்பையை வைத்துவிட்டுப் போகும் இடம். எங்கள் பெட்டியின் கலைஞர் புனிதக் கதை எதையும் தொடாமல், எல்லோருக்கும் உரிய ஆற்றையும் மரத்தையும் தேர்ந்திருக்கிறார். நான் பார்த்தவற்றுள் நல்ல பெட்டிகள் எல்லாமே இப்படித்தான்: செடி, பறவை, ஆறு, பருவம்.

இனி மின்கம்பங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஸ்டோபி கம்பம் என்ற பெயரே புதிதாக இருக்கலாம். இந்த மாநிலத்தில் உயர்ந்து நேராக வளரும் மரம் குறைவு. இருக்கும் மரத்தையும் கரையான் விடாது. ஆகவே அடிலெய்டு மின்வழங்கல் கம்பெனியின் பொறியாளர் ஜேம்ஸ் சிரில் ஸ்டோபி 1924-இல் ஒரு வழி கண்டார்: இரண்டு இரும்பு உத்தரங்களை எதிரெதிரே நிறுத்தி, இடையில் போல்ட்டுகளால் பிணைத்து, நடுவே கான்கிரீட்டை நிரப்புவது. நகரின் சவுத் டெரஸ் சாலையில் முதலில் நட்டார்கள். இன்று மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கில் நிற்கின்றன. கரையான் தின்னாது, தீப்பிடிக்காது, கார் மோதினால் கம்பத்தைவிடக் காருக்கே சேதம் அதிகம். பார்வைக்கு மட்டும் அது சாம்பல் நிறத்தில், ஒரு பரிவும் இல்லாமல் நிற்கும். அந்தச் சாம்பல் முகத்தில் வண்ணம் தீட்டும் வழக்கத்தை 1980களில் ப்ராஸ்பெக்ட் பகுதியில் ஆன் நியூமார்ச் என்ற ஓவியரும் அவர் அக்கம்பக்கத்தாரும் தொடங்கிவைத்தார்கள். முன்அனுமதி பெற்றுக் கம்பத்தில் வரைவது இன்று மாநிலம் முழுவதும் பழகிப்போன செயல்.

கம்பம் பெட்டியைவிடக் கடினமான பரப்பு. இரும்பு விளிம்புகளுக்கு நடுவே கான்கிரீட் முகம் இரண்டு சாண் அகலம்கூடத் தேறாது, சொரசொரப்பானது, போல்ட்டுகள் முட்டிக்கொண்டிருக்கும். அகலமான காட்சி எதையும் அங்கே விரிக்க முடியாது. இந்தக் குறுகலுக்குக் கௌர்ணாக் கலைஞர்கள் கண்ட விடைதான் என்னை மிகவும் ஈர்த்தது. மரப்பட்டையில் செய்த அகன்ற கேடயத்துக்கு அவர்கள் மொழியில் முர்லபாக்கா என்று பெயர். நீண்டு, இரு முனையும் குறுகி, செங்காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் பூசப்பட்ட அந்த வடிவத்தை, ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே நிற்கும் கம்பத்தில் ஆள் உயரத்துக்குத் தீட்டியிருந்தார்கள். கம்பமே கேடயத்துக்காக வார்க்கப்பட்டதோ என்று தோன்றும் அளவுக்கு அது பொருந்தியிருந்தது. கேடயத்தின் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் கம்பத்தின் போல்ட்டுத் தலை ஒன்று வந்திருக்கிறது; அதை மறைக்காமல், சுற்றிலும் ஒரு வெள்ளை வளையம் போட்டு வடிவத்தோடு சேர்த்துக்கொண்டிருக்கிறார் ஓவியர். அருகில் போய்ப் பார்த்தால் தூரிகையின் மயிர்த்தடம் தெரிகிறது, கான்கிரீட்டின் குழிகளில் வண்ணம் தேங்கி உலர்ந்தது தெரிகிறது. அச்சிட்ட தாளில் ஒருபோதும் கிடைக்காத நெருக்கம் இது.

நான் இரண்டாம் முறை போனபோது அந்தக் கம்பத்தின் அடியில் ஓர் இளைஞர் உட்கார்ந்து, உதிர்ந்த இடங்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்; மடக்கு நாற்காலியில் வயதான பெண்மணி ஒருவர் அமர்ந்து மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். பூர்வகுடி மக்கள் தங்கள் மூத்தோரை ஆன்ட்டி, அங்கிள் என்றே மரியாதையாக அழைக்கிறார்கள். இரத்த உறவு வேண்டும் என்பதில்லை. நமக்குப் பழகிய முறைதான் என்பதால் நானும் தயக்கமில்லாமல் ஆன்ட்டி என்றேன். கம்பத்தின் கதையைச் சற்று நேரம் சொன்னார். விடைபெறும்போது நான் கற்று வைத்திருந்த ஒரே கௌர்ணாச் சொல்லைச் சொன்னேன்: ஙைட்யால்யா, நன்றி. அவர் நிமிர்ந்து பார்த்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். வெள்ளைக்கார நண்பர்கள் அந்த முதலெழுத்தில்தான் தடுக்குவார்கள், எனக்கு எப்படி வந்தது என்று கேட்டார். எங்கள் நெடுங்கணக்கில் ‘ங’ என்றே ஓர் எழுத்து இருக்கிறது, ஆனால் சொல்லின் முதலில் வைத்து எழுத எங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு மிக அரிது என்றேன்.

இந்த ஒலி உறவு தமிழ் வாசகருக்கு ஒரு தனி வசதி. ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துத் தகடுகளில் அவர்கள் குறிக்கும் ஒலி நம் ணகரமே. ந, ன, ண என்று நாம் பிரிப்பதைப் போலவே கௌர்ணா மொழியும் பிரிக்கிறது. 1840-இல் டைகல்மன், ஷுர்மன் என்ற இரு ஜெர்மானிய மதபோதகர்கள் வெளியிட்ட இலக்கணமும் ஏறத்தாழ இரண்டாயிரம் சொற்களும் அடங்கிய நூலே இம்மொழியை மீட்டெடுக்கப் பேருதவியாக இருந்தது. சரளமாகப் பேசிய கடைசி மனிதராகக் கருதப்படும் இவரிட்ஜி அம்மையார் 1929-இல் மறைந்தார். அவருக்குப் பின் அறுபது ஆண்டுகள் போல மௌனம். இப்போது குழந்தைகள் பள்ளியில் கற்கிறார்கள். ஆகவே ஒரு மின்கம்பத்தின் மீது ஒரு பறவையையும் அதன் கௌர்ணாப் பெயரையும் எழுதிவைப்பது, அந்த வழியாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அன்றாடப் பாடமாகிறது. அப்படிப் பெயர் எழுதிய கம்பங்களை, வெறும் வடிவம் மட்டும் தீட்டிய கம்பங்களைவிட ஒரு படி மேலாகவே வைப்பேன்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சில பெட்டிகளிலும் கம்பங்களிலும் புள்ளி ஓவியம் கண்டேன். பூர்வகுடிக் கலை என்றாலே புள்ளிதான் என்ற எண்ணம் வெளியாரிடம் பரவியிருக்கிறது. புள்ளிகளால் நிரப்பிய அந்த நவீன ஓவிய முறை 1970களில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே உள்ள பப்புன்யா என்ற பாலைவனக் குடியிருப்பிலிருந்து எழுந்தது. 1971-இல் அங்கே பள்ளிச் சுவரில் காப்பா ஜம்பிஜின்பாவும் மற்றவர்களும் தீட்டிய தேனெறும்புச் சுவரோவியமே அதன் தொடக்கப் புள்ளி. அந்த ஓவியத்தின் மீதே சில ஆண்டுகளில் வெள்ளையடித்துவிட்டார்கள் என்பது தனிக் கொடுமை. பப்புன்யா, அடிலெய்டிலிருந்து சாலை வழியே 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பது. வேறு மக்கள், வேறு மொழி, வேறு நிலம். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரபு பெரும்பாலும் கோடுகளுடையது: கேடயத்திலும் மரத்திலும் தோலிலும் கீறிய கோடுகள். பாலைவனக் குடும்பத்திலிருந்து நகரத்துக்கு வந்து வாழும் கலைஞர் தம் மரபில் புள்ளி வைத்தால் அது அவருடைய உரிமை. அவர் பெயரையும் ஊரையும் தகட்டில் போட்டால் பார்ப்பவருக்குக் குழப்பமும் இராது. ஆனால் மன்றமோ நிறுவனமோ ‘பூர்வகுடி போலத் தெரிய வேண்டும்’ என்று புள்ளியைக் கேட்டு வாங்குவது தஞ்சாவூர்க் கோயில் சுவரில் ராஜஸ்தானத்து ஓவியத்தைத் தீட்டச் சொல்வதற்கு ஒப்பானது. நினைவுப் பொருள் சந்தையில் இந்தப் போலி மோகம் எவ்வளவு வேரோடியிருக்கிறது என்பதை உற்பத்தித்திறன் ஆணையத்தின் 2022 அறிக்கை காட்டியது: பூர்வகுடிப் பாணி நினைவுப் பொருள்களுக்கு மக்கள் செலவிடும் பணத்தில் பாதிக்கு மேல் போலிகளுக்கே போகிறது.

கொடி தீட்டிய கம்பங்கள் பல உண்டு. லுரிட்ஜா மரபினரான ஹரால்ட் தாமஸ் வடிவமைத்த பூர்வகுடிக் கொடி முதன்முதலில் பறந்ததே இந்த நகரின் விக்டோரியா சதுக்கத்தில்தான், 1971 ஜூலையில். அந்தச் சதுக்கத்தின் கௌர்ணாப் பெயர் தாண்டான்யாங்க. 2022-இல் அரசு கொடியின் பதிப்புரிமையை வாங்கிப் பொதுவாக்கிய பிறகு எவரும் தீட்டலாம் என்றாயிற்று. கலை என்ற முறையில் அவற்றில் சொல்ல அதிகமில்லை.

நகருக்குள் மின்சாரமும் பூர்வகுடிக் கலையும் சந்திக்கும் மிகப் பழைய இடத்தைத் தவறவிடக் கூடாது. கிரென்ஃபெல் தெருவின் கிழக்குக் கோடியில் உள்ள செங்கல் கட்டடம் 1901-இல் மின்நிலையமாகத் திறக்கப்பட்டது. நகரின் தெருவிளக்குகளுக்கு அங்கிருந்துதான் மின்சாரம் போயிற்று. 1989-இல் அதே கட்டடம் தண்டான்யா என்ற தேசியப் பூர்வகுடிப் பண்பாட்டு நிறுவனமாயிற்று. செங்கங்காருவின் இடம் என்பது அந்தப் பெயரின் பொருள்; அடிலெய்டு நகரம் அமைந்த நிலத்துக்கே கௌர்ணாக்கள் இட்ட பெயர் அது. வெளியில் நின்று அந்த உயர்ந்த சன்னல்களைப் பார்த்தாலே உள்ளே ஒரு காலத்தில் இயந்திரங்கள் நின்றிருக்கும் என்பது புரியும். நீங்கள் போகும் நாளில் கதவு திறந்திருக்குமா என்பதை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஹார்ன்ஸ்டேல் ஒரு முழுநாள் பயணம். அடிலெய்டிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே ஜேம்ஸ்டவுன். அதைத் தாண்டி, கோதுமை வயல்களுக்கு மேலே குன்றுகளின் முதுகில் 99 காற்றாலைகள். 2016 செப்டம்பர் 28 அன்று புயலில் மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியதையும், அடுத்த ஆண்டு டிசம்பரில் இந்தப் பண்ணையை ஒட்டி 100 மெகாவாட் மின்கலத் தொகுதி இயங்கத் தொடங்கி உலகச் செய்தியானதையும் பலர் அறிவார்கள். அங்கே இரண்டு காற்றாலைத் தூண்களில் அந்த நிலத்தின் நுக்குனு, ஙட்ஜுரி மக்களின் கலை தீட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கேள்விப்பட்டவர் குறைவு. சுற்றிலும் தனியார் விளைநிலம். பொதுச்சாலையில் காரை ஓரம் கட்டிவிட்டே பார்த்தேன்.

அளவு அங்கே கலைக்கு எதிராக நிற்கிறது. சுழலும் இறகுகளின் வட்டம் மட்டுமே 113 மீட்டர் குறுக்களவு. நிமிர்ந்து நிற்கும் இறகின் நுனி தரையிலிருந்து சுமார் 150 மீட்டர். அத்தனை பெரிய வெள்ளைப் பொருளில், மனிதக் கை தீட்டிய வண்ணம் தொலைவிலிருந்து சேலையின் கரை அளவுக்கே தெரிகிறது. முதலில் எனக்கு ஏமாற்றம்தான். பிறகு அரைமணி நேரம் அங்கேயே நின்றபோது எண்ணம் மாறியது. இறகுகளின் நிழல் வயலின் மீது வந்து வந்து போகிறது, காற்றின் இரைச்சல் நிற்காமல் கேட்கிறது, வரிசையாக நிற்கும் வெள்ளைத் தூண்களுக்கிடையே அந்த இரண்டு மட்டும் ஊர்ப் பெயர் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. 99-இல் 97 உலகின் எந்த நாட்டில் வேண்டுமானாலும் நிற்கக்கூடியவை. இந்த இரண்டையும் வேறெங்கும் கொண்டுபோய் வைக்க முடியாது. ஆனாலும் நகரப் பெட்டியில் கிடைக்கும் நெருக்கம் இங்கே இல்லை என்பதால், குழந்தைகளோடு போகிறவர்கள் பைனாகுலர் எடுத்துச் செல்லுங்கள். கோடையில் பகல் நேரத்தில் போகாதீர்கள். நிழல் என்று சொல்ல அங்கே ஒரு மரமும் இல்லை.

நகரக் கம்பங்களைப் பார்க்க நடையே ஏற்றது. காரில் போனால் கம்பத்தின் விளிம்பு மட்டுமே கண்ணில் படும். கான்கிரீட் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும். காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ வெயில் சாய்ந்திருக்கும்போது வண்ணம் நன்றாக எடுக்கும். கட்டணம் ஏதுமில்லை. மே இறுதியின் நல்லிணக்க வாரத்திலும் பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் ஜூலையின் நைடாக் வாரத்திலும் பழைய ஓவியங்களைப் புதுப்பிப்பதும் புதியவற்றைத் தொடங்குவதும் நடக்கும். அப்போது போனால் கலைஞரையே சந்திக்கும் வாய்ப்பு உண்டு. அவரைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தாளா, தூரிகையா என்று என்னைக் கேட்டால் தூரிகைதான் என்பேன். தாள் சீக்கிரம் ஒட்டப்படுகிறது, பல பெட்டிகளுக்குப் பெருக்கலாம், கிறுக்கலைத் துடைக்கலாம். அலுவலகத்துக்கு அதனால் வசதி. ஆனால் தாள் உரிந்தால் உரிந்ததுதான். ஒரு பக்கம் கெட்டால் முழுப் பக்கத்தையும் மாற்ற வேண்டும். கையால் தீட்டியது உதிர்ந்தால் கலைஞர் மீண்டும் வருவார். அவருக்கு மீண்டும் ஊதியம் கிடைக்கும். கூட ஒரு இளையவர் வந்து கற்றுக்கொள்வார். தெருவில் போகிறவர் நின்று பேசுவார். அந்தப் பள்ளிக்கு எதிரே நான் கண்டது அதுதான்.

எங்கள் பெட்டியின் தகட்டில் இப்போது கலைஞரின் பெயரும், கௌர்ணா நிலம் என்ற சொல்லும், கரவிரா பரி என்ற ஆற்றின் பெயரும் இருக்கின்றன. மேற்குப் பக்கத்தை என்ன செய்யலாம் என்று மன்றம் சென்ற மாதம் தெருவாசிகளிடம் கருத்துக் கேட்டு ஒரு படிவம் அனுப்பியிருந்தது. பழைய தாளையே மறுபடி அச்சிட்டு ஒட்டுவது, சாதாரணப் பச்சை பூசிவிடுவது என்று இரண்டு கட்டங்கள் அதில் இருந்தன. இரண்டையும் விட்டுவிட்டு, கீழே இருந்த வெற்றிடத்தில் அதே கலைஞரை அழைத்து, பெட்டியின் அளவுப்படத்தைக் கையில் கொடுத்து, அந்தப் பக்கத்தை அவர் கையாலேயே தீட்டச் சொல்லுங்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.